இரண்டு மஞ்சள் குளிசைகள்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசி எடுத்து அம்மாவோடு கதைத்த பிறகு நான் ஓர் இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்கவில்லை. குசினிக்குள் போகிறேன், எதற்கு வந்தேன் என்று மறந்து முற்றத்துக்கு வருகிறேன், காய்ந்துவிட்டதென்று எடுத்த உடுப்பைத் திரும்பவும் கொடியில் போடுகிறேன். அப்பா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "உமக்கு என்ன நடந்தது? தம்பியோட ஏதும் கதைவழிப்பட்டனீரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையும் அதுதான். நீ சந்தோஷமாகத்தான் கதைத்தாய். உங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் வேலை பழகிவிட்டது என்றாய், சாப்பாடு பரவாயில்லை என்றாய். பிறகு விடுதியில் இருக்கும் அந்த நோயாளி அம்மாவைப் பற்றிச் சொன்னாய். "காலமையில எழும்பமாட்டாவாம், முகம் கழுவமாட்டாவாம், பட்டன் பூட்டவும் நாங்கள்தான் வேணுமாம். பத்து மணிக்குப் பிறகு பார்த்தா, தானே நடந்து கன்ரீனுக்குப் போறா. நல்ல நடிப்பு, அம்மா." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் "ஓம்" என்றேன். அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நீ இடையில் குறுக்கிடுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். கைத்தொலைபேசியில் எழுதுவதற்கு என் பெருவிரல் இடம் தருவதில்லை. அதனால் பேனையால் எழுதுகிறேன். பேனையைச் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றுக்குள் செருகித் தடிப்பாக்கித் தந்தவர் அப்பா. இப்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இதற்கு முன் என்னால் பேனை பிடிக்க முடியாது. இந்தக் கிழமை வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன். நேற்று எட்டு மணிக்கே பிடித்துப் பார்த்தேன். "தம்பி" என்று எழுதிய எழுத்து எனக்கே விளங்கவில்லை.

எனக்கு முடக்குவாதம், தம்பி. ஒன்றரை வருடமாகிறது. உன்னிடம் மறைத்தேன்.

நீ தாதியர் கல்லூரியை முடித்து, நியமனத்துக்காக உருத்திரபுரத்தில் எங்களுடன் காத்திருந்தாயே, அந்த மாதங்கள் முழுவதும் ஒரே வீட்டில் உனக்கு முன்னால் மறைத்தேன். ஐந்து மணிக்கு உனக்குத் தேத்தண்ணீர் தர வேண்டுமென்றால் நான் மூன்றரைக்கு எழும்ப வேண்டும். எழும்பி, சுடுதண்ணீர் வாளிக்குள் இரண்டு கையையும் மணிக்கட்டுக்கு மேலே வரை வைத்துக்கொண்டு இருப்பேன். விரல்கள் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வரும். சின்னவிரல் முதலில், நடுவிரல் கடைசியில். நீ எழும்பி வரும்போது நான் சிரித்த முகத்துடன் கேத்திலைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். "என்ன அம்மா, வயசு போகப் போகக் கோழிக்கு முன்னம் எழும்புறியள்" என்று நீ பகிடி விட்டாய். நானும் சிரித்தேன். ஒரு நாள் கேத்தில் கைதவறி விழுந்தபோது, பூனை காலுக்குள் வந்துவிட்டது என்று சொல்லி அந்தப் பூனையை ஏசினேன். என்னுடைய வெள்ளை யூனிபோர்மின் பட்டன்களைப் பூட்டிவிடுகிறவர் அப்பா. நெல் மூட்டை தூக்கிப் பழகிய அவருடைய தடித்த விரல்களுக்கு அந்தச் சின்னப் பட்டன்கள் ஆரம்பத்தில் அகப்படவேயில்லை. முதல் நாள் ஒரு பட்டனுக்கே வியர்த்துப்போனார். நான் பஸ்ஸைத் தவறவிட்டேன். பட்டன் பூட்டவும் ஆள் வேண்டும் என்று நீ சிரித்தது எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று உனக்கு இப்போது விளங்கும்.

இந்த நோயைப் பற்றி நீ படித்திருக்கிறாய், சோதனையிலும் எழுதியிருப்பாய். உடம்பின் காவலே திசைமாறிப் போய்த் தன் மூட்டுகளின் உள்ளுறையைத் தாக்குகிறது என்று அதில் இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வீங்கும், காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இறுக்கம் இருக்கும் என்றும் இருக்கும். நானும் அதைத்தான் படித்தேன், முப்பது வருடம் நோயாளிகளுக்குச் சொல்லியும் வந்தேன். ஆனால் இறுக்கம் என்ற சொல்லை நான் நோ, வெறும் வலி, என்றே விளங்கிவைத்திருந்தேன். அது நோ மட்டுமல்ல. கை என்னுடையதாகவே இருக்காது. பல் விளக்கும் பிரஷைப் பார்க்கிறேன், எடு என்று கைக்குச் சொல்கிறேன், அது சீமெந்து மாதிரிக் கிடக்கிறது. அழுகை வராது, ஆத்திரம் வரும். பத்து மணியானதும் அதே கை வெங்காயம் வெட்டும். வெளியில் நின்று பார்க்கிறவருக்கு அது நடிப்பாகத்தான் தெரியும். எனக்கே சில நாள் சந்தேகம் வந்தது, காலையில் நான் சோம்பல் பண்ணுகிறேனோ என்று.

உங்கள் விடுதி அம்மாவிடம் நாளைக்கு விடிய ஆறு மணிக்குப் போ. ஏன் எழும்பவில்லை என்று கேட்காதே; கை வழிக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கேள். அவர் சொல்லும் நேரத்தை அப்படியே குறிப்பேட்டில் எழுது, ஏனென்றால் வைத்தியர் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த நேரத்தைப் பார்த்துத்தான். முகம் கழுவுவதையும் உடுப்பு மாற்றுவதையும் ஒன்பது மணிக்குத் தள்ளினால் உங்கள் விடுதி இடிந்து விழாது. வலிக்குக் கொடுக்கும் நோக்குளிசையை விடிய முதல் வேலையாகக் கொடுக்கலாமா என்று வைத்தியரைக் கேள், ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிட்டு. அந்த அம்மாவை எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதே. முழங்கைக்குக் கீழே உன் கையைக் கொடுத்து, அவர் தானாக எழும்பும்வரை பொறுத்து நில். தண்ணீர்ப் போத்தலின் மூடியை இளக்கி வைத்துவிட்டுப் போ. மத்தியானம் களைத்துப்போய்ப் படுத்தால், சாப்பிட்டுவிட்டு நித்திரை என்று சொல்லாதே. அந்தக் களைப்பு வேலை செய்து வந்த களைப்பு இல்லை, காய்ச்சல் விட்ட உடம்பின் களைப்பு மாதிரி. நல்லாயிருக்கும் நேரத்தில் விரல்களை மெல்ல மடக்கி நீட்டச் சொல். வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் ஓய்வெடுக்கட்டும். நீ "நடிப்பு" என்று ஒரு தரம் சொன்னால் அடுத்த முறைக்கு வேலைக்கு வரும் தாதி அதைத்தான் கேட்டுக்கொண்டு வருவாள். பிறகு அந்த அம்மா சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த இடத்தில் எழும்பிப் போய்விட்டேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், அப்பா வயலில். வீட்டைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன். இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கஷ்டமானது.

நீ பத்தாம் வகுப்புப் படித்த காலம் அது. நான் அப்போது வேலை செய்த வைத்தியசாலையின் கிளினிக்குக்கு மாங்குளத்திலிருந்து யோகம்மா என்று ஒருவர் வரத் தொடங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை, ஒரே மகள். ஏ-ஒன்பது வீதிக் கடைகளுக்கு விடிய இடியப்பம் அவித்துக் கொடுப்பதுதான் அவருடைய சீவியம். யோசித்துப் பார், இந்த நோய் கையைக் கட்டிப்போடும் அதே நேரத்தில்தான் அவர் இடியப்ப உரலைப் பிழிய வேண்டும். ஆரம்பத்தில் முழங்கையால் அமத்திப் பிழிந்திருக்கிறார், பிறகு உரலை மர வாங்கின் மேல் வைத்து நெஞ்சால் அமத்தியிருக்கிறார். கிளினிக்குக்கு வந்தபோது நெஞ்சில் வட்டமாகக் கன்றிப்போயிருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு யாராவது அடித்தார்களா என்று கேட்டேன். "உரல்தான் மிஸ்ஸி அடிச்சது" என்று சிரித்தார்.

வைத்தியர் அவருக்கு மெதோட்ரெக்சேற் எழுதினார். ஏழு நாளுக்கு ஒருக்கா, கிழமையில் ஒரு நாள் மட்டும் மூன்று குளிசை. அதோடு ஃபோலிக் அசிட், மற்ற நாட்களில் ஒவ்வொன்று. இரண்டும் சின்ன மஞ்சள் குளிசைகள், உனக்குத் தெரியும். இரண்டு கடதாசி உறைகள், இரண்டிலும் ஆங்கிலத்தில் சுருக்கெழுத்து. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு யோகம்மா என் மேசைக்கு வந்து, "எது எந்த நாள் எண்டு ஒருக்கா வடிவாச் சொல்லுங்கோ மிஸ்ஸி" என்று கேட்டார். அன்று உன் பாடசாலையில் விளையாட்டுப் போட்டி. அஞ்சலோட்டத்தில் கடைசி ஆளாக நீதான் ஓடுகிறாய் என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் நான் வந்து சேரமாட்டேன். "அதில எழுதியிருக்கு அம்மா. வீட்டில பிள்ளையிட்டக் குடுத்து வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். பஸ் கிடைத்தது. நீ ஓடியதையும் பார்த்தேன், கத்தியும் கூப்பிட்டேன். இதை உன் தலையில் சுமத்துவதற்காகச் சொல்லவில்லை. நான் அவசரப்பட்ட நாட்களிலெல்லாம் எனக்கு நல்ல காரணம் ஒன்று இருந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

அன்று பின்னேரம் மழை. யோகம்மா மாங்குளத்தில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது உறைகள் நனைந்து எழுத்துக் கரைந்துவிட்டது. மகளும் வாசித்துப் பார்த்தாளாம், ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று தினமும், மற்றது கிழமைக்கு ஒருக்கா என்பது மட்டும் வைத்தியர் சொன்னதிலிருந்து ஞாபகம் இருந்தது. எது எது என்பதை அவர்களாக ஊகித்தார்கள். ஊகம் பிழைத்தது. மெதோட்ரெக்சேற்றைத் தினமும் ஒவ்வொன்றாகப் போட்டார்.

மூன்றாம் கிழமை அவரைக் கொண்டுவந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. வாய்க்குள் முழுவதும் புண், தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை, காய்ச்சல் கொதித்தது. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. மகள் நனைந்து காய்ந்த அந்த உறைகளைக் கையில் கொண்டுவந்திருந்தாள். வைத்தியர் அவற்றைப் பார்த்தார், குளிசைகளை எண்ணினார், கட்டிலைச் சுற்றி நின்ற எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"ஆர் இவாவுக்கு மருந்து விளங்கப்படுத்தினது?"

நான் கட்டிலின் காலடியில் நிற்கிறேன். வாய் திறக்கவில்லை. யோகம்மாதான் கண்ணைத் திறந்தார். அந்தப் புண்வாயால், ஒவ்வொரு சொல்லாக, "மிஸ்ஸி வடிவாச் சொன்னவா. நான்தான் மாறிப் போட்டுட்டன்" என்றார்.

வைத்தியர் நோயாளியின் தவறு என்று எழுதினார். அம்புலன்ஸ் வந்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது. நான் போய்க் கை கழுவினேன். கழுவிக்கொண்டே நின்றேன். உள்ளே ஒரு மூலையில் ஆறுதலாக இருந்தது, தம்பி. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்.

யோகம்மா தப்பிவிட்டார். பல நாட்கள் அங்கே வைத்திருந்து, மருந்தை முறிக்கும் ஊசி போட்டு, கிருமி தொற்றாமல் பார்த்து அனுப்பினார்கள். ஆனால் அதன் பிறகு எங்கள் கிளினிக்குக்கு அவர் வரவில்லை. ஒவ்வொரு கிளினிக் நாளும் அவருடைய கிளினிக் கொப்பி அடுக்கின் அடியில் கிடக்கும். வேறெங்கோ வைத்தியரிடம் காட்டுகிறார் ஆக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. ஒரு வருடம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் வவுனியாவுக்குப் போகும் பஸ் மாங்குளம் சந்தியில் நின்றபோது, எதற்கென்று தெரியாமல் இறங்கிவிட்டேன். இடியப்பம் அவிக்கிற யோகம்மா என்று கேட்டால் கடைக்காரர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வீதியோரக் கடைகளுக்குப் பின்னால், தகரம் போட்ட சின்ன வீடு. மகள் கிணற்றடியில் தட்டுகள் கழுவிக்கொண்டிருந்தாள். யோகம்மா கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், இருங்கோ என்றேன். அவருடைய கைகளைக் கண்டேன். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சின்னவிரலை நோக்கிச் சாய்ந்திருந்தன. அந்த ஒரு வருடமும் அவர் எந்தக் குளிசையும் போடவில்லை. எந்த மஞ்சள் குளிசையைக் கண்டாலும் வாய் எரிகிறது என்றார். மகள் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். யோகம்மா தன்னுடைய கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கி எடுத்தார்.

"யோகம்மா, அண்டைக்கு நான் உங்களுக்கு ஒண்டும் விளங்கப்படுத்தேல்லை" என்றேன்.

"தெரியும் மிஸ்ஸி."

"பிறகேன் டொக்டரிட்ட அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "நான் திரும்பவும் அங்கதானே வரவேணும். உங்களோட முறிச்சுக்கொண்டு நான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது? இஞ்ச கிட்ட வேற எது இருக்கு?" கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பிறகு வரவே பயமாப் போச்சு. அதுதான் விட்டிட்டன்" என்றார்.

அவர் என்மேல் இரக்கப்பட்டுத்தான் காப்பாற்றினார் என்று ஒரு வருடமாக நினைத்திருந்தேன், தம்பி. நல்ல மனம் என்று நினைத்திருந்தேன். இரக்கம் இல்லை அது, பயம். உயிர் போகும் நிலையில் கட்டிலில் கிடந்த ஒரு பெண், என்னைப் பகைத்தால் நாளைக்குத் தனக்கு மருந்து கிடைக்காது என்று கணக்குப் பார்த்து, எனக்காகப் பொய் சொன்னார். நான் வெள்ளை உடுப்புப் போட்டு நின்ற இடம் அவருடைய பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார்.

அடுத்த நாள் எங்கள் தலைமைத் தாதியான மேற்றனிடமும் வைத்தியரிடமும் நடந்ததைச் சொன்னேன். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். கூட வேலை செய்தவர்கள் சிலர் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பழைய கதையைக் கிண்டி எல்லோரையும் கேள்வி கேட்க வைத்துவிட்டேன் என்று கோபம். நான் எதிர்பார்த்த அளவுக்குத் தண்டனை ஒன்றும் வரவில்லை. அது எனக்கு நிம்மதியைத் தரவுமில்லை. அதற்குப் பிறகு என் மேசையில், உறையில் தமிழில் நாளின் பெயரைப் பெரிதாக எழுதாமல் யாரையும் நான் அனுப்பியதில்லை. குளிசையைக் கையில் கொடுத்து, இது எப்போ போடுவீங்கள் என்று கேட்டு, அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் அடுத்தவர். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சிழைப்பு எது வந்தாலும் அடுத்த கிளினிக்வரை பொறுக்காமல் குளிசையை நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும் என்பதையும், இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்பதையும், பிள்ளை பெறும் வயதுப் பெண் என்றால் கர்ப்பம் தங்கக் கூடாத மருந்து இது என்பதையும் சொல்வேன். கிளினிக் இரண்டு மணிவரை இழுபட்டது. ஏசினார்கள். யோகம்மாவும் மூன்று மாதம் கழித்து மகளோடு வந்தார். வேறு மருந்து தொடங்கினார்கள், வீக்கம் வற்றியது. விரல்கள் நிமிரவில்லை. இப்போது பிழிவது மகள். தாய் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

போன மாதம் நீ ஒரு நாள் பெருமையாகச் சொன்னாய், "முழுக் கிளினிக்கையும் பன்னிரண்டுக்கு முன்னம் முடிச்சிட்டம் அம்மா" என்று. அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை அப்பாவுக்கும் சொல்லவில்லை. நாலு மாதத்துக்கு முன் வைத்தியர் எனக்கும் மெதோட்ரெக்சேற் எழுதித் தந்தார். அந்த உறை அப்படியே அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே கிடக்கிறது. "குளிசை போட்டிட்டீரோ?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் ஓம் என்கிறேன். எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்லி இந்தக் குளிசையைக் கொடுத்தவள் நான். ஒழுங்காகப் போட்டு, ஒழுங்காக இரத்தம் பார்த்தால் மூட்டைக் காப்பாற்றும் மருந்து என்று எனக்குத் தெரியும், இதனால் திரும்பவும் வயலில் இறங்கிய பெண்களைக் கண்டும் இருக்கிறேன். ஆனால் கையில் எடுத்தால் யோகம்மாவின் உதடு வந்து நிற்கிறது. நோக்குளிசையோடு சமாளித்துக்கொண்டு, வீக்கம் தானாக வற்றும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நோயாளி என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். என் வலது கையின் விரல்களும் மெல்லச் சாயத் தொடங்கிவிட்டன. நாளைக்கு வவுனியாவுக்குப் போகப் போகிறேன். முடித்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

சனிக்கிழமை. மூன்று நாளாக இந்தக் கடிதத்தைத் தொடவில்லை.

புதன்கிழமை போனேன். எங்கள் பக்கத்தில் காட்டினால் எல்லோரும் தெரிந்தவர்கள் என்றுதான் முதலிலிருந்தே அங்கே காட்டுகிறேன். வரிசை வாசல்வரை இருந்தது. இருக்கும் வாங்கில் இடமில்லை, ஒரு பொடிச்சி எழும்பி இடம் தந்தாள். வைத்தியர் என் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குளிசை போடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். முதல் தரம் உண்மை சொன்னது அங்கேதான். அவர் ஏசவில்லை, அன்றே புதிதாக இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மருந்தைத் திரும்ப எழுதினார்.

மருந்தை எடுத்துக்கொண்டு தாதியின் மேசைக்கு வந்தேன். உன் வயதுதான் இருக்கும் அவளுக்கு. நெற்றியெல்லாம் வியர்வை. என் கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். "அன்ரியும் நேர்ஸ்தானே. பிறகென்ன, உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லி உறைகளை என் பக்கம் தள்ளினாள். எனக்குப் பின்னால் அத்தனை பேர். ஓம் என்று சொல்லிவிட்டு எழும்பத்தான் போனேன்.

"இல்லைப் பிள்ளை. தெரியாது. சொல்லித் தாங்கோ" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு நான் உறைகளைத் தொடாமலே இருப்பதைக் கண்டாள். கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு, ஒரு மஞ்சள் குளிசையை வெளியே எடுத்து, முதல் தடவையாகக் கேட்கும் ஆளுக்குச் சொல்வதுபோல, முழுவதையும் சொன்னாள். வெள்ளிக்கிழமையில் மட்டும் மூன்று. மற்ற நாட்களில் மற்றது ஒன்று. வாயில் புண் வந்தால் உடனே வரவேண்டும். "இப்ப நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ அன்ரி" என்றாள். நான் சொன்னேன். வெள்ளிக்கிழமையில் இரண்டு வகையையும் சேர்த்துப் போடுவதாகச் சொல்லிவிட்டேன். தெரியாமல் இல்லை, தம்பி. எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த பாடம் அது. பயத்தில் வாய் மாறிவிட்டது. அவள் அலுக்காமல், "வெள்ளிக்கிழமையில மூண்டு மட்டும். மற்றதை அண்டைக்கு விடுங்கோ" என்று இன்னொரு தரம் சொன்னாள். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நாலு மாதப் பொய்யையும் சொன்னேன். அவர் எழும்பி வெளியே போய்விட்டார். மண்வெட்டியோடு வரம்பில் நின்றுவிட்டு இருட்டத்தான் வந்தார். "ஏன் மறைச்சனீர்?" என்று மட்டும் கேட்டார். பயம் என்றேன். நேற்றுப் பின்னேரம் சாப்பிட்ட பிறகு, மூன்று குளிசையையும் எண்ணி என் உள்ளங்கையில் வைத்தவர் அவர்.

நீ உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு வராதே. இடமாற்றம் கேட்டு எழுதவும் வேண்டாம். உன் விடுதியில் நில். எனக்கு எடுப்பதென்றால் ஒன்பது மணிக்குப் பிறகு எடு, அதற்கு முன் தொலைபேசியைத் தூக்க எனக்கு ஏலாது. அந்த நேரம் நல்லாயிருக்கிறேன் என்று சொன்னால் நம்பாதே. என்ன செய்ய முடியவில்லை என்று கேள். கோபம் இருந்தால் அதையும் சொல்லு. மறைத்ததற்கு நீ கோபப்படத்தான் வேண்டும்.

குளிசை போட்டு இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. விடிந்ததிலிருந்து நாக்கால் வாய்க்குள் துழாவிக்கொண்டே இருக்கிறேன், எங்காவது புண் கிளம்புகிறதா என்று. கண்ணாடியின் முன் நாலு தரம் போய் வாயைத் திறந்து பார்த்துவிட்டேன். அப்படி இத்தனை கெதியில் வராது என்று எனக்குத் தெரியும். திரும்பவும் போய்ப் பார்க்கிறேன். நோயாளிக்குப் பயம் இருக்கும் என்று எனக்கு எப்போதும் தெரியும், தம்பி. இவ்வளவு என்று தெரியாது.

அம்மா